பேகத்தின் ரத்தம், ரோசியின் பதில்கள்

கிரேஸி வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. விரலை நீட்டினாள், அவ்வளவுதான். அந்த விரல் இடது பக்கம் போக வேண்டியது, வலது பக்கம் போய்விட்டது.

கொட்டகையில் அன்று இரண்டு பசுக்கள் நின்றன. இரண்டும் ஜெர்சிக் கலப்பு, இரண்டும் செம்மண் நிறம். இடது பக்கம் நின்றது கிரேஸியின் ரோசி. வலது பக்கம் நின்றது அடுத்த வீட்டு அப்துல் வஹீத் பாயின் பேகம். பாய் தங்கை மகன் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். "ஒரு வாரம் நம்ம பேகத்தப் பாத்துக்கங்க சிஸ்டரு. அவ கொஞ்சம் கௌரவம் பாக்கிறவ, தனித் தொட்டியில தண்ணி வையுங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிரேஸி சிஸ்டர் இல்லை. ஆம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பரிசோதனை முடிவுகளைக் கவரில் போட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருபவள். ஆஸ்பத்திரிக்குள் போய் வருகிற பெண்கள் எல்லாரும் தெருவுக்கு சிஸ்டர்தான். முதல் சில வருஷம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் ஃபீபி வந்தாள். ராணிப்பேட்டைப் பெண், கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தோளில் ஐஸ் பெட்டி, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பால் சங்கக் கூட்டத்தில் "யார் மாடு தர்றீங்க?" என்று கேட்டபோது கிரேஸியின் புருஷன் வில்சன் கை தூக்கியிருந்தான். ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், ஃபீபி வந்த நேரம் வேலைக்குப் போயிருந்தான். யார் எதைக் கேட்டாலும் கை தூக்குவது அவன் சுபாவம்.

"ஊசி குத்தி இன்னாம்மா பாப்பீங்க?" என்று கிரேஸி கேட்டாள்.

"மாட்டுக்கு வர்ற காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கறோம்கா. ரத்தத்துல வெள்ளையணு இருக்கு இல்ல, அதுக்குள்ள இருக்கிற ஜீன் எல்லாமே எப்பவும் வேலை செய்யாது. சிலது தூங்கும், சிலது முழிச்சிட்டிருக்கும். கிருமி உள்ள நுழைஞ்சா, மாடு இளைக்கிறதுக்கு முன்னாடி, இருமறதுக்கு முன்னாடியே, சில ஜீன் எழுந்து கத்த ஆரம்பிச்சிடும். எது கத்துது, எது சும்மா இருக்குன்னு கேக்கறோம். அதான் டெஸ்ட்."

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுக்கா. அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்கும்."

கிரேஸிக்கு இது பிடிக்கவில்லை. உள்ளே கத்துகிறதை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வது ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த ஏற்பாட்டின் மேல்தான் அவளுடைய குடும்பம், வேலை, சபை எல்லாம் நடந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு குழாயில் நாலு சொட்டு பிடித்து ஒட்டுக்கேட்பார்கள் என்றால் மாடாகக்கூடப் பிழைக்க முடியாது.

அதோடு ரோசி இருமியிருந்தாள். விடிகாலையில், இரண்டு மூன்று தடவை. வில்சனுக்குக் கேட்கவில்லை. கிரேஸி கேட்டும் புரண்டு படுத்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவள் ஜன்னல் வழியே கவர்களை நீட்டியிருக்கிறாள். கவரை வாங்கும்போது ஒரு முகம், பிரித்த பிறகு ஒரு முகம். நடுவில் இருக்கும் அந்த நிமிஷத்தை அவளைப்போலப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. அதனாலேயே தனக்கென்று ஒரு கவர் எந்த ஜன்னலிலிருந்தும் வரக் கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

"இந்த ரெண்டுல எதுக்கா ரோசி?"

விரல் வலது பக்கம் போனது.

ஃபீபி பேகத்தின் கழுத்தில் ஒரு சதுரம் முடி மழித்து, ஸ்பிரிட் தடவி, ரத்தம் எடுத்தாள். பேகம் கௌரவமாக நின்றாள். ஃபீபி குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். பிறகு போனில் பேகத்தின் மூக்கை வெகு அருகில் போட்டோ எடுத்தாள்.

"காதுல நம்பர் கம்மல் இல்லையேக்கா?"

"வேலியில மாட்டிப் பிஞ்சிடுச்சிம்மா." ரோசிக்கு அப்படித்தான் பிய்ந்தது. பேகம் புதிதாக வாங்கிய மாடு, அவளுக்கு இன்னும் மாட்டவே இல்லை.

"எத்தனை ஈத்து?"

"ரெண்டு."

"சமீபத்துல சினை ஊசி போட்டீங்களா?"

"இல்லம்மா."

கேட்டதற்கெல்லாம் கிரேஸி உண்மையே சொன்னாள். பதில்கள் அத்தனையும் ரோசியுடையவை. ரத்தம் மட்டும் பேகத்துடையது.

ஃபீபி போனதும் அந்த மழித்த சதுரம் கொட்டகை முழுவதையும் விடப் பெரிதாகத் தெரிந்தது. கிரேஸி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அதன்மேல் அப்பினாள். பாய் திரும்பி வந்து கயிற்றை வாங்கியபோது, "உண்ணி கடிச்சிருந்துச்சி பாய், மருந்து போட்டேன்" என்றாள். பாய் அந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். "உண்ணியா? சரி சரி" என்றார். "உங்களுக்கு எத்தன பேஜாரு குடுத்துட்டேன்."

*

ஒரு மாதம் கழித்து ஃபீபி நேரில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கிரேஸியும் வில்சனும் கோயில் விட்டு வந்து செருப்புகூடக் கழற்றவில்லை.

"பயப்படாதீங்க. நோய்னு இன்னும் சொல்லல. ஆனா காசநோய் வந்தா எழுந்துக்கிற ஜீன் கூட்டத்துல சிலது ரோசிக்கு எழுந்திருக்கு. ரெண்டாவது வாட்டி ரத்தம் எடுக்கணும், தோல்ல ஒரு டெஸ்டும் போடணும். அதுவரைக்கும் தனியா கட்டுங்க. பாலை நல்லா கொதிக்க வையுங்க, பச்சையா யாருக்கும் குடுக்காதீங்க."

வில்சன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கிரேஸி நின்றாள். தன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆயிரம் தடவை எதிரில் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த முகம் ஒரு புது வகை. கவர் அவள் பெயரில் வந்திருந்தது, உள்ளே இருந்ததோ அடுத்த வீட்டுச் செய்தி. முதலில் வந்தது நிம்மதி. "ரோசி இல்லை." அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் பேகம் வந்து நின்றாள், தனித் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு. பேகம் தனியாகக் கட்டப்பட வேண்டியவள் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் வில்சன் சபையில் சொல்லி முந்திக்கொண்டான். மறு ஞாயிறு ஜெப விண்ணப்பங்களில், கால் முறிந்த ஒருவருக்கும் பரீட்சை எழுதும் ஒருத்திக்கும் நடுவே, "சகோதரி கிரேஸி அவர்களின் பசு ரோசியின் பூரண சுகத்துக்காக" என்று ஆயர் வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அவர் வீட்டுக்கு ரோசியின் பால்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் ஆயரம்மா போன் செய்து, "நாங்க எல்லாம் கொஞ்ச நாள் கடுங்காப்பிக்கு மாறலாம்னு பாக்கறோம்மா" என்றார். தெருவில் ஒவ்வொரு வீடாகக் கடுங்காப்பிக்கு மாறியது.

ரோசியைக் கொட்டகையின் கோடியில் தார்ப்பாய் கட்டித் தனியாக நிறுத்தினார்கள். அவள் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவள்போலக் கிரேஸியையே பார்த்தாள். கிரேஸி அவளுக்குப் பின்பக்கமாகப் போய்த் தீவனம் வைத்தாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பாயின் அன்பு. தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்.

"ரோசி எப்படி இருக்கா சிஸ்டரு?"

"இருக்கா பாய்."

"கவலப்படாதீங்க. அல்லா இருக்கான்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். பிறகு ஒரு தூக்குவாளியை வேலிமேல் வைப்பார். "உங்க மாட்டுப் பாலு குடிக்க மனசு வராது. இத வச்சிக்கங்க."

முதல் நாள் கிரேஸி அந்தத் தூக்குவாளியைப் பாம்பை வாங்குவதுபோல வாங்கினாள். உள்ளே கொண்டுபோய் மூன்று முறை பொங்கவிட்டாள். ஆறிய பிறகு பார்த்தால் ஆடை காகிதம்போல மெல்லிசாகப் படிந்திருந்தது. மணமும் இல்லை. 'நோய் பாலிலேயே தெரிகிறது' என்று நடுங்கிப்போய், கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். அடுத்தடுத்த நாட்களில் திறந்துகூடப் பார்க்கவில்லை. முருங்கை மரம் வெகு சீக்கிரம் தழைத்தது.

ஒரு நாள் துணிந்து, "பாய், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நம்ம பேகம்..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம் சிஸ்டரு!" பாய் இரண்டு கையையும் உயர்த்தினார். "ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா உங்க மனசுக்கும் கஷ்டம், என் மனசுக்கும் கஷ்டம்." விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு மென்மையான மனிதருக்கா துரோகம் செய்தோம் என்று கிரேஸி கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். ரோசி இருமினாள்.

*

வெள்ளிக்கிழமை ஃபீபி போன் செய்தாள். "நாளைக்கு வர்றேன்கா. போன தடவை மூக்கு போட்டோ எடுத்தேன் இல்ல, அதை வச்சு மாட்ட உறுதி பண்ணிட்டு ரத்தம் எடுப்போம். நம்ம கட்டைவிரல் ரேகை மாதிரி, ஒரு மாட்டு மூக்கு மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது."

அன்றைக்கே பாயின் மகள் புஷ்ராவும் பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். அவளுடைய அம்மா இறந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. "அம்மா இல்லாத எடத்துல பிரசவம் வேணாம்" என்று மாமியார் வீடு தயங்கியபோது, "நான் இருக்கேன், ஆஸ்பத்திரி என் பொறுப்பு, அனுப்புங்க" என்று சொன்னது கிரேஸிதான். அந்த நம்பிக்கையில் வந்த பெண், காரிலிருந்து இறங்கியதும் கட்டிப்பிடித்துச் சொன்ன முதல் வார்த்தை:

"கிரேஸி ஆன்ட்டி, எனக்கு ஒரே ஆசை. பேகத்தோட பால, கறந்த சூட்டோட, அப்படியே பச்சையா, தினமும் ஒரு டம்ளர்!"

கிரேஸி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

விடிய விடிய அவள் ஒரு சின்னப் பேச்சைத் தயார் செய்தாள். மன்னிப்பு முன்னால் வருவதா, காரணம் முன்னால் வருவதா என்பதிலேயே நேரம் போனது. காரணம் முன்னால் வந்தால் சாக்குப்போல இருந்தது. மன்னிப்பு முன்னால் வந்தால் எதற்கு என்று பாய் கேட்பார். கேட்டால் காரணம் வந்துவிடும். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, 'பால் வேண்டாம்' என்பதை மட்டும் சொல்வது, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்தாள்.

காலையில் வேலிப் பக்கம் வந்தபோது, அந்தப் பக்கம் புஷ்ரா நின்றிருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், நுரை ததும்ப. வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

கிரேஸிக்கு ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலி உண்டு. வேலியை எப்படித் தாண்டினாள் என்பதை அதற்குப் பிறகு யாராலும் விளக்க முடியவில்லை. சேலை முள்ளில் கிழிய, போன வேகத்தில் டம்ளரை ஓங்கித் தட்டினாள். டம்ளர் பறந்துபோய்த் துணி துவைக்கும் கல்லில் மோதி, உருண்டு, பேகத்தின் காலடியில் நின்றது. பேகம் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆன்ட்டி! இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"குடிக்காத! அது பேகம் பாலு! நோய் ரோசிக்கு இல்ல, பேகத்துக்கு! நான்தான் அன்னிக்கி மாட்ட மாத்திக் காட்டிட்டேன். எங்க ரோசி இருமிச்சு, பயமா இருந்துச்சு. இருந்த பயத்துல உங்க மாட்டக் காட்டிட்டேன். மஞ்சள் பூசி மறைச்சேன். உங்க வாப்பாகிட்ட சொல்ல வந்தேன், அவரு சொல்லவே விடல..."

தயார் செய்த பேச்சில் இது எதுவும் இருக்கவில்லை. மூச்சு வாங்கியது. புஷ்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

சமையலறை வாசலில் பாய் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அது அதிர்ச்சி அடைந்த முகம் இல்லை. திருடும்போது பிடிபட்டவன் முகம்.

"சிஸ்டரு," என்றார் மெதுவாக. "அது பேகம் பாலு இல்ல."

"பின்ன?"

பாய் வாசலை விட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால், சமையல் மேடைமேல், வெட்டிய பால் பாக்கெட்டுகள் இரண்டு கிடந்தன. பக்கத்தில் ஒரு மத்து. நுரை வந்த வழி அது.

"வாப்பா!" புஷ்ராவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "பாக்கெட் பாலா? அங்க குடிச்சிட்டிருந்த அதே பாக்கெட் பாலா? இதுக்கா நான் பஸ்ஸும் காருமா குலுங்கிட்டு வந்தேன்?"

"சூடு பண்ணித்தானேம்மா குடுத்தேன்..."

"உங்களுக்குத் தெரியுமா பாய்?" என்றாள் கிரேஸி. "எப்போலருந்து?"

"கயிற வாங்கின அன்னிக்கே. முப்பது வருஷம் டேனரியில செலக்டரா இருந்து மாட்டுத் தோல ரகம் பிரிச்சவன்கிட்ட, ஷேவ் பண்ண எடத்துல மஞ்சளத் தடவி உண்ணின்னு சொல்றீங்களே சிஸ்டரு. உண்ணி எங்கயாவது நாலு மூலையும் நேரா கடிக்குமா?" பாய் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னாத்துக்கோ ஊசி போட்டிருக்காங்கன்னு மட்டும் நெனச்சேன். அப்புறம் ரிசல்ட்டு வந்துச்சு. வில்சன் சொன்னான். சொன்னப்பவே புரிஞ்சிடுச்சி, எம்மாட்டு ரத்தம்னு."

"ஏன் பாய் கேக்கல?"

"கேட்டா எம்மாட்டுக்குத்தானே நோயின்னு ஆயிடும்?" பாய் தலையைக் குனிந்தார். "உங்க பேர்ல இருக்கட்டும்னு விட்டுட்டேன். பால மட்டும் கால்வாயில ஊத்தினேன். தெருவே உங்க மாட்டப் பேசுறத கேக்க முடியல. அதான் தினம் வாளி கொண்டாந்து வச்சேன்."

"அதுவும் பாக்கெட் பாலா?"

"நோய் பாலு உங்களுக்குக் குடுப்பேனா சிஸ்டரு? நான் என்ன மனுஷன் இல்லையா?"

கிரேஸிக்குக் காகிதம்போன்ற அந்த ஆடை ஞாபகம் வந்தது. வீட்டில் மாடு வைத்திருப்பவள், பால் ஆடையைப் பார்த்தே மாடு எதைத் தின்றதென்று சொல்கிறவள், பாக்கெட் பாலைப் பார்த்து நோய் என்று நடுங்கியிருக்கிறாள். இவ்வளவு நாளும் அவள் பாயின் முகத்தில் பார்த்தது கருணை இல்லை, தன்னுடைய முகத்தையேதான். அவரும் அவள் முகத்தில் அதைத்தான் பார்த்திருப்பார். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு குற்றவாளிகள் ஒருவரையொருவர் புனிதர் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோபம் வர வேண்டும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, பாதியைத் தாங்களே தூக்கிக்கொண்டதுபோல இருந்தது.

"நல்லா இருக்கு உங்க ரெண்டு பேர் தோஸ்தி" என்றாள் புஷ்ரா. "நடுவுல எனக்குத்தான் பாலில்ல."

*

ஃபீபி ஐஸ் பெட்டியோடு வந்தபோது, இரண்டு மாடுகளும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்தன. கிரேஸி அவளிடம் நேராகச் சொன்னாள். இந்த முறை மன்னிப்பு முன்னாலா பின்னாலா என்று யோசிக்க நேரமில்லை.

ஃபீபி போனை எடுத்து மூக்கு போட்டோவைப் பார்த்தாள். ரோசியின் மூக்கைப் பார்த்தாள். பேகத்தின் மூக்கைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, என் ஆராய்ச்சியே போயிருக்கும்கா."

"மன்னிச்சிக்கம்மா."

"அப்ப அன்னிக்கி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்க சொன்னது எந்த மாட்டப் பத்தி?"

"ரோசியப் பத்தி."

ஃபீபி மெல்ல நிமிர்ந்தாள். பாய் பக்கம் திரும்பினாள். "சார், நான் ரத்தம் எடுத்தப்ப, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, பேகத்துக்கு சினை ஊசி போட்டிருந்தீங்களா?"

"போட்டேனே. கல்யாணத்துக்குப் போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி. நின்னுடுச்சி போல இருக்கு, அதுக்கப்புறம் சூடு வரல. இத யாரு கேட்டாங்க?"

ஃபீபி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிரேஸி பதறிப்போய்க் கிட்டே போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கரு தங்கின மூணாவது வாரத்துல, அது 'நான் வந்துட்டேன்'னு தாய்க்கு ஒரு சேதி அனுப்பும்கா. அதக் கேட்டு வெள்ளையணுவுல சில ஜீன் எழுந்துக்கும். காசநோய்க்கு எழுந்துக்கிற கூட்டத்துல அதே ஆளுங்க சில பேரு இருக்காங்க. அதனாலதான் சினை ஊசி போட்டீங்களான்னு கேட்டேன். நீங்க இல்லன்னீங்க."

"அப்ப பேகத்துக்கு நோய் இல்லையா?" என்றார் பாய்.

"மறுபடி பாத்துட்டுத்தான் சொல்லணும். ஆனா நான் பயந்தது கன்னுக்குட்டியப் பாத்துன்னுதான் தோணுது."

புஷ்ரா எழுந்து போய்ப் பேகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீயுமாடி?" என்றாள்.

ஃபீபி பேகத்துக்கு ரத்தம் எடுத்தாள். தோல் டெஸ்டும் போட்டாள். பிறகு ரோசியைப் பார்த்தாள், கிரேஸியைப் பார்த்தாள்.

கிரேஸி தானே போய் ரோசியின் கயிற்றைப் பிடித்தாள். "இதுக்கும் எடும்மா. விடிகாலையில இருமுது. ரெண்டு மாசமா." இதை அவள் சத்தமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை. வில்சன், "இருமுதா? எனக்கு ஏன் சொல்லல?" என்றான். கிரேஸி ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணை மூட வேண்டும்போல இருந்தது. மூடவில்லை.

*

முடிவு சொல்ல ஃபீபி போன் செய்தபோது கிரேஸி ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பெரியவர் கவரை வாங்கி, பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்பவே சொல்லட்டுமாக்கா, இல்ல பேப்பர்ல குடுக்கட்டுமா?"

கிரேஸிக்கு உள்ளே எது எதுவோ எழுந்து கத்தியது. "சொல்லு" என்றாள்.

"பேகத்துக்கு நோய் இல்ல, சினைதான். ரோசிக்கும் காசநோய் இல்லக்கா. ஆனா சும்மாவும் இல்ல. உண்ணிக் காய்ச்சல் உள்ள ஆரம்பிச்சிருக்கு, அந்த இருமல் அதனாலதான். டாக்டர் இன்னிக்கே வந்து ஊசி போடுவாரு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாகச் சொல்லிவந்த "டாக்டர்கிட்ட காட்டுங்க, அடுத்தவங்க வாங்க" வாய்வரை வந்தது. "இப்படி உள்ள வந்து உக்காந்து பிரிங்க ஐயா," என்றாள், "நான் இருக்கேன்." அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்று பிரித்தார். எல்லாருக்கும் ஒரே நாளில் துணிச்சல் வந்துவிடாது.

சாயங்காலம் வேலிமேல் தூக்குவாளி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து புஷ்ரா கத்தினாள்: "ஆன்ட்டி, இது நிஜப் பாலு! நானே நின்னு கறக்க வச்சேன்! எனக்குத்தான் காய்ச்சாம தரமாட்டேங்கறாரு!"

"உங்க வாப்பாவ நம்ப முடியாதும்மா!"

"உங்கள மட்டும் நம்ப முடியுமா சிஸ்டரு?" என்றது பாயின் குரல் சமையலறையிலிருந்து.

கிரேஸி பாலை அடுப்பில் வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். ஆறியதும் பார்த்தாள். ஆடை தடித்து, மஞ்சளாக, விரலை வைத்தால் தாங்கும்போல இருந்தது. கறந்த பால்தான், சந்தேகமே இல்லை.

இன்னொரு தடவை பொங்கவிட்டாள்.